இணையத்தில் சேர்ந்து வாசிக்க: எங்கே குறித்துவைப்பது, எங்கே பேசுவது

புத்தகம் வாசிக்கிற நாலு பேரோடு பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு இணையத்துக்கு வருகிறவர்கள் ஒரே வாரத்தில் ஐந்தாறு ஃபேஸ்புக் குழுக்களிலும் இரண்டு மூன்று வாட்ஸ்அப் குரூப்களிலும் ஒரு டெலிகிராம் சேனலிலும் சேர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் எல்லாம் மியூட்டில் கிடக்கும். கையில் இருந்த புத்தகமும் பாதியில் நின்றிருக்கும்.

முதல் மூன்று மாதத்துக்கு இரண்டே இடம் போதும். வாசித்ததைக் குறித்துவைக்க ஒன்று, பேச ஒன்று. இரண்டையும் ஒரே தளத்தில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஃபேஸ்புக்கில் பேச ஆள் உண்டு, ஆனால் போன ஆடியில் எழுதிய பதிவை இந்த ஆடியில் தேடி எடுப்பது பெரும்பாடு. வாசித்த நூல்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் தளமான குட்ரீட்ஸில் பத்து வருடத்துக்கு முன் கொடுத்த நட்சத்திரம்கூட அப்படியே இருக்கும், ஆனால் ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பைப் பற்றி அங்கே நீங்கள் எழுதியதற்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.

குறித்துவைக்கும் இடம்

தமிழ் நூல்களுக்கு இன்றைக்கும் குட்ரீட்ஸ்தான் முதல் தேர்வு. 2007-ல் தொடங்கி, 2013-ல் அமேசான் வாங்கிய தளம். இத்தனை வருடங்களில் தமிழ் வாசகர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த நூல்கள் அதில் இருக்கின்றன. 2019-ல் நாடியா ஒடுனாயோ தொடங்கிய ஸ்டோரிகிராஃப், ஆங்கில நூல்களுக்கு அதைவிட வசதியானது. கால் நட்சத்திரம் வரை பிரித்து மதிப்பிடலாம். நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது, ஒருவர் 200-ம் பக்கத்தில் எழுதிய குறிப்பு நீங்கள் அந்தப் பக்கத்தை எட்டும்வரை மறைந்தே இருக்கும். தமிழ் அதிகம் வாசிப்பவர் குட்ரீட்ஸில் தொடங்குங்கள். பிறகு மாறிக்கொள்ள நினைத்தால் பட்டியலை அப்படியே எடுத்துப்போகலாம்.

குட்ரீட்ஸில் தமிழ் நூலைத் தேடும்போதுதான் புதியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் இரண்டு முறையும் பதிவாகியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ'வை ஒருவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. அதனால் தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பின்னட்டையில் பட்டைக்கோட்டுக்கு மேலே இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது நூலின் தனி அடையாள எண்ணைத் தட்டிப் பாருங்கள். இந்தியப் பதிப்பென்றால் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும், இலங்கைப் பதிப்பென்றால் 978-955 அல்லது 978-624. இடைக்கோடு இல்லாமல் 13 இலக்கத்தையும் அடியுங்கள்.
2. எண் இல்லாத பழைய நூல் என்றால் தலைப்பைத் தமிழில் தேடுங்கள். வரவில்லையா, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள்.
3. அப்படியும் இல்லையென்றால் ஆசிரியர் பக்கத்துக்குப் போய் அவருடைய நூல் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். முன்னெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒரு பெயர், விடாமல் ஒரு பெயர் என்று ஒரே ஆசிரியர் இரண்டு பேராகப் பிரிந்திருக்கக்கூடும். புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எழுதுவதுதான் அந்தத் தளத்தின் வழக்கம்.
4. நூலே இல்லையென்றால், அங்கே 'லைப்ரரியன்' எனப்படும் தன்னார்வலர்களுக்கான குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை, நூலைப் பார்க்கக்கூடிய ஓர் இணைப்பு ஆகியவற்றை முதல் முறையே கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

ஒரே நூலுக்கு இரட்டைப் பதிவு கண்ணில் பட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம். இரண்டையும் இணைக்கச் சொல்லி அதே குழுவில் எழுதுங்கள். பிரிந்து கிடந்தால் நாலு விமர்சனம் ஓரிடத்திலும் ஆறு இன்னோரிடத்திலும் போய், அந்த நூலை யாருமே வாசிக்கவில்லை என்ற தோற்றம் வந்துவிடும். நல்ல தமிழ் நூல்களுக்கு இந்த அநியாயம் நிறையவே நடந்திருக்கிறது.

நட்சத்திரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். குட்ரீட்ஸில் இரண்டு நட்சத்திரம் என்றால் 'பரவாயில்லை', மூன்று என்றால் 'பிடித்தது', ஐந்து 'பிரமாதம்'. அரை நட்சத்திரம் கிடையாது. நம்மவர்கள் மூன்றைத் தோல்வி மதிப்பெண்ணாகப் பார்ப்பதால், பிடித்த நூலுக்கெல்லாம் ஐந்து போட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்துத் தன் பட்டியலிலிருந்து நண்பருக்கு ஒரு நூலைச் சொல்ல நினைத்தால், எது உண்மையிலேயே உலுக்கியது என்று அவர்களுக்கே தெரியாது. நட்சத்திரத்தோடு இரண்டு வரியும் எழுதிவையுங்கள்.

பேசும் இடம்: ஃபேஸ்புக்

தமிழில் நூல்களைப் பற்றி நீளமாக எழுதுவதும் சண்டை போடுவதும் இன்னும் பெரும்பாலும் ஃபேஸ்புக்கில்தான். எக்ஸ் தளத்தில் தமிழுக்கு இடம் பற்றாது. அங்கே 280 என்ற வரம்பில் மெய்யெழுத்தின் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். 'வாசிப்பு' நமக்கு நான்கு எழுத்து, அந்தக் கணக்கில் எட்டு. ஒரு நாவலைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுவதற்குள் முடிந்துவிடும்.

குழுவில் சேர்வதற்கு முன் அதன் 'அபவுட்' பகுதியைத் திறந்து பாருங்கள். உறுப்பினர் எத்தனை பேர், கடந்த மாதம் எத்தனை பதிவு, எப்போது தொடங்கியது எல்லாம் அங்கே இருக்கும். உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 50,000 பேர் இருக்கும் குழுவில் ஒரு பதிவுக்கு 'அருமை', 'வாழ்த்துகள்' என்று இரண்டு கமெண்ட் வந்தால் அது அறிவிப்புப் பலகை. 2,000 பேர் குழுவில் 'அந்தக் கடைசி அத்தியாயம் அவசரமாக முடிந்த மாதிரி இல்லையா?' என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பதில் சொல்லியிருந்தால் அங்கே சேருங்கள். சேரும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். பதில் இல்லாத விண்ணப்பங்களைப் போலிக் கணக்கு என்று நினைத்து அட்மின்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

குழுவை எடைபோட ஜனவரி சரியான மாதம் இல்லை. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் எல்லாக் குழுவிலும் வாங்கிய நூல்களின் படம், அரங்கு எண், வெளியீட்டு அழைப்பிதழ் என்று கொட்டும். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் எந்தக் குழுவில் வாங்கிய நூலை வாசித்துவிட்டு எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள்.

சேர்ந்தவுடன் பதிவு போட வேண்டாம். இரண்டு வாரம் கமெண்ட் மட்டும் எழுதுங்கள். ஒருவரை ஒருவர் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், சார், மேடமா, தோழரா, சகோவா, அண்ணன், அக்காவா என்பது குழுவுக்குக் குழு மாறும். அது பிடிபட்டுவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். எந்தக் குழுவானாலும் முன்பின் தெரியாதவரை 'நீ' என்று எழுதிவிடாதீர்கள்.

முதல் கேள்வியைக் கேட்கும் முன் குழுவுக்குள் இருக்கும் பூதக்கண்ணாடியை அழுத்தித் தேடிப் பாருங்கள். இராஜேந்திரன், ராஜேந்திரன் என்று இரண்டு விதமாகவும் தேட வேண்டியிருக்கும். 'நல்ல புத்தகம் நாலு சொல்லுங்க' என்று கேட்டால் எல்லாக் குழுவிலும் வரும் அதே பத்துப் பெயர்கள்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

'நெசவு, கைத்தறி பின்னணியில் எழுதப்பட்ட தமிழ் நாவல்கள் தேடுகிறேன். 300 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. வட்டார வழக்கு பிரச்சினை இல்லை. இப்போது அச்சில் கிடைப்பதாக இருக்க வேண்டும்.'

பொருள், அளவு, மொழிநடை, கிடைக்குமா என்ற நான்கும் இதில் இருக்கின்றன. எப்போதாவது மட்டும் எட்டிப்பார்க்கும் பழைய வாசகர்கள் பதில் சொல்ல வருவது இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான். வந்த பதில்களைத் தொகுத்து அதே பதிவின் கீழே ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டால் அடுத்து தேடுகிறவருக்கும் உதவும், உங்கள் பெயரும் நினைவில் நிற்கும்.

நூலைப் பற்றி எழுதும்போது அட்டைப்படம் மட்டும் போட்டால் போதாது. படத்தில் இருக்கும் தலைப்பை நம்பித் தேட முடியாது. தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பக்கம், விலை ஆறையும் மேலேயே தட்டச்சு செய்யுங்கள். செய்யாவிட்டால் 'எங்கே கிடைக்கும்?', 'விலை?' என்ற கமெண்டுகளுக்கு நடுவில் நூலைப் பற்றிய பேச்சு காணாமல் போகும். மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிடுவது தமிழ்ப் பதிவுகளில் இருக்கும் பெரிய குறை. தயவுசெய்து விடாதீர்கள்.

நீங்கள் குறை சொல்லி எழுதும் நூலின் ஆசிரியரும் பல சமயம் அதே குழுவில் இருப்பார். அதற்காக மழுப்ப வேண்டியதில்லை. எந்த இடத்தில் ஏன் ஒட்டவில்லை என்று அத்தியாயத்தைச் சுட்டி எழுதுங்கள். அவரை டேக் செய்யாதீர்கள். குறையைச் சொல்லிவிட்டு டேக் செய்வது ஆளைக் கூப்பிட்டு வம்புக்கு இழுப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும், அதன் பிறகு நூலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பும் டெலிகிராமும்: சேர்ந்து வாசிக்க

ஒரே நூலை ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வாசிப்பதற்கு வாட்ஸ்அப்பை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. எல்லார் கையிலும் இருக்கிறது, அம்மாவையும் சித்தியையும்கூடச் சேர்க்கலாம். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இடமுண்டு, ஆனால் வாசிப்புக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர்தான் சரி. அதற்கு மேல் போனால் யாராவது பேசுவார்கள் என்று எல்லாரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

சேரும் முன் ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் தொலைபேசி எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரியும். முகம் தெரியாதவர்களின் குரூப் என்றால், குறிப்பாகப் பெண்கள், இதை யோசித்துச் சேருங்கள். 'செட்டிங்ஸ்', 'பிரைவசி', 'குரூப்ஸ்' என்று போய், உங்களைக் குரூப்பில் சேர்க்கும் அனுமதியைத் தெரிந்த எண்களுக்கு மட்டும் என மாற்றுங்கள். சுயவிவரப் படத்துக்கும் அப்படியே. டெலிகிராமில் எண்ணை முழுதாக மறைக்கலாம். 'பிரைவசி' பகுதியில் 'ஃபோன் நம்பர்' என்பதை 'நோபடி' என்று வைத்துவிட்டுப் பயனர்பெயரால் பேசலாம். அறிமுகம் இல்லாதவர்களோடு வாசிக்க டெலிகிராம்தான் பாதுகாப்பு.

இனி கால அட்டவணை. 480 பக்க நாவல் என்றால் நாளுக்கு 20 பக்கம், வாரத்துக்கு ஆறு நாள், நான்கு வாரம். ஞாயிறு விடுமுறை. பின்தங்கியவர்கள் எட்டிப்பிடிக்கவும், எல்லாரும் விரிவாகப் பேசவும் அந்த நாள். ஆனால் குரூப்பில் பக்க எண்ணைச் சொல்லி நடத்தாதீர்கள். ஒருவரிடம் பழைய பதிப்பு, ஒருவரிடம் கெட்டி அட்டை, இன்னொருவரிடம் கிண்டில் என்று இருக்கும், கிண்டிலில் பக்கமே வேறு கணக்கு. அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள். அத்தியாயம் பிரிக்காத நூலென்றால் அன்றைய பகுதி முடியும் வாக்கியத்தை எழுதி, 'இது வரை' என்று போடுங்கள்.

சேர்ந்து வாசிப்பது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் படுத்துக்கொள்ளும். அட்மின் தினமும் 'இன்று அத்தியாயம் 9' என்று மட்டும் போட்டுக்கொண்டிருப்பார், நாலு பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், பிறகு அதுவும் நிற்கும். இதைத் தடுக்க, ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் என்று முறை வைத்து ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். 'எப்படி இருக்கு?' என்ற கேள்விக்கு 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'அந்தக் கடிதத்தை அவள் ஏன் பிரிக்காமலே பெட்டியில் வைத்தாள்?' என்று கேட்டால், வாசித்தவர் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு காரணம் இருக்கும். வாசிக்காதவருக்கும் இன்றிரவே வாசித்துவிட வேண்டும் என்று தோன்றும். காலை வணக்கம், ஃபார்வர்டு, பிறந்தநாள் வாழ்த்துக்குத் தடை என்று முதல் நாளே குரூப் விவரத்தில் எழுதிவிடுங்கள். நடுவில் சொன்னால் மனவருத்தம் வரும்.

கதையின் திருப்பத்தை உடைக்காமல் பேச ஒவ்வொரு தளத்திலும் ஒரு வழி உண்டு. டெலிகிராமில் அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து 'ஸ்பாய்லர்' கொடுத்தால் மங்கலாகிவிடும். டிஸ்கார்டில் இருபுறமும் || போட வேண்டும். ரெட்டிட்டில் >! என்று தொடங்கி !< என்று முடிக்க வேண்டும். தொடக்கக் குறிக்கும் முதல் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் சில திரைகளில் மறையாமல் அப்படியே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் முதல் வரியில் 'அத்தியாயம் 14 முடித்தவர்களுக்கு' என்று எழுதி, கீழே வரிக்கு ஒரு புள்ளியாக நிறைய வைத்துப் பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். நீளமான செய்தி சுருங்கி 'ரீட் மோர்' என்று நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை முகம் பார்த்துப் பேச வேண்டுமானால், ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் 60 நிமிடம். பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம் சரியாக இருக்கும்.

மற்ற இடங்கள்

இன்ஸ்டாகிராமும் யூடியூபும் புதிய நூல்களைக் கண்டுபிடிக்க நல்ல இடங்கள். பேச்சு அங்கே ஆழமாகப் போகாது. இன்ஸ்டாவில் பிடித்த பதிவைச் சேமிக்கும்போது 'வாங்க வேண்டியவை' என்று தனித் தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடையில் இருப்பதால், உலகம் பேசும் 'புக்டாக்', அதாவது அங்கே வரும் புத்தகக் காணொளிகள், இங்கே ரீல்ஸ் வழியாகத்தான் வந்துசேரும். யூடியூபில் ஸ்ருதி டிவி பதிவு செய்துவரும் இலக்கியக் கூட்டங்களின் உரைகள், ஊரில் கூட்டமே நடக்காத வாசகருக்குப் பெரிய கொடை. ரெட்டிட் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அங்கே ஒவ்வொரு சப்ரெட்டிட்டின், அதாவது தலைப்புவாரிக் குழுவின், விதிகளையும் வாசித்துவிட்டு எழுதுங்கள். புதுக் கணக்கிலிருந்து வரும் பதிவைப் பல இடங்களில் தானியங்கி நீக்கிவிடும்.

தொடர்கதை வாசகர்களுக்கு பிரதிலிபி தனி உலகம். அங்கே அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதுகிறவரே வந்து கமெண்டை வாசிப்பார். 'அடுத்த எபி எப்போ?' என்று மட்டும் கேட்காமல் இந்த அத்தியாயத்தில் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். சில தொடர்களின் பிற்பகுதி கட்டணச் சந்தாவுக்குள் இருக்கும், தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குத் தமிழ் விக்கிமூலத்தை மனமாரப் பரிந்துரைக்கிறோம். நாட்டுடைமையான நூல்களின் பக்கப் படத்தை ஒரு பக்கமும் கணினி பெயர்த்த எழுத்தை மறுபக்கமும் வைத்து, பிழை திருத்திக்கொண்டே வாசிக்கும் இடம் அது. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறமாகும், வேறொருவர் சரிபார்த்த பிறகே பச்சையாகும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தாலும் அந்த நூல் அடுத்தவருக்குத் தேடக்கூடிய எழுத்தாக மிஞ்சும். வாக்கியம் வாக்கியமாக அவ்வளவு நெருங்கி வாசிக்க வைக்கும் வேறு இடம் இணையத்தில் குறைவு.

பிடிஎஃப் கேட்கிறவர்கள், பணம் கேட்கிறவர்கள்

எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே 'பிடிஎஃப் இருக்கா?' என்ற கேள்வியைப் பார்ப்பீர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1954-ல் இறந்தவரின் எழுத்து 2014 முடியும்வரை உரிமைக்குள் இருந்தது. இலங்கையில் 70 ஆண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. மூலம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இன்று ஒரு தமிழ் நூல் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. அதில் ஐம்பது பேர் பிடிஎஃபில் வாசித்துவிட்டால் அந்த ஆசிரியரின் அடுத்த நூலை வெளியிடப் பதிப்பாளர் தயங்குவார்.

முறையாக இலவசமாகக் கிடைப்பதே ஆயுளுக்கும் போதும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், ஆசிரியர்களே உரிமம் கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ். யாராவது பிடிஎஃப் கேட்டால் திட்டாமல் இந்த இணைப்புகளில் ஒன்றைக் கொடுங்கள். டெலிகிராம் சேனல்களில் நூல் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே கூடாது, அது நூல் இல்லை, கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு.

கொஞ்சம் நன்றாக எழுதத் தொடங்கியதும் இன்பாக்ஸில் ஆட்கள் வருவார்கள். இலவசப் பிரதி அனுப்புகிறோம் என்றால் வாங்கலாம், ஆனால் எழுதும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து நட்சத்திரத்துக்கு ஐந்து நட்சத்திரம் மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, அமேசானின் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள் போதும் என்றாலோ மறுத்துவிடுங்கள். அங்கே வாசிக்கப்பட்ட பக்கத்தைக் கணக்கிட்டு எழுதியவருக்குப் பணம் என்பதால்தான் அப்படிக் கேட்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் எழுதியவரின் கணக்கே முடங்கலாம். உங்கள் பதிவுகளை நூலாக்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வருபவரிடம், அவர் ஏற்கெனவே வெளியிட்ட மூன்று நூல்கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

நகல், வெளியேற்றம்

குழு கலைக்கப்பட்டால் அதற்குள் எழுதியது எல்லாம் அதோடு போய்விடும். அதனால் நீண்ட பதிவை முதலில் உங்கள் கோப்பில் எழுதி, பிறகு குழுவில் ஒட்டுங்கள். குட்ரீட்ஸில் 'மை புக்ஸ்' பக்கத்தில் இறக்குமதி, ஏற்றுமதி என்ற வசதி உண்டு. கைபேசிச் செயலியில் தேடாதீர்கள், இணையதளத்தில் இருக்கிறது. வருடம் இருமுறை உங்கள் பட்டியலை அங்கிருந்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி வையுங்கள். ஸ்டோரிகிராஃபுக்கு மாறவும் இதே கோப்புதான்.

ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் விலகிவிடுவதில் தவறில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் வெளியேறுவது அட்மின்களுக்கு மட்டும் அறிவிப்பாகப் போகும், ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள்வரை உங்கள் எண் எல்லாருக்கும் தெரியும். சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும் நூலின் நடுவில் போவதென்றால் மட்டும், கேள்வி கேட்கும் உங்கள் முறையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.